பிறழ்சாட்சி

முருங்கைக் கீரையை உருவச் சொல்லி முறத்தை மடியில் வைத்துவிட்டு, சமையலறைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு போனாள் பிருந்தா. பெற்ற மகள். கதவை முழுக்கச் சாத்தினால் அம்மாவுக்குக் கோபம் வரும், திறந்து வைத்தால் அம்மாவுக்குக் காது கேட்கும், ஆகவே பாதி. சாந்தாமணி ஒரு கொத்தை எடுத்து, காம்பை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கை விரல்களால் ஒரே இழுப்பாக இழுத்தாள். இலைகள் பொலபொலவென்று முறத்தில் விழுந்தன. இது மறக்கவில்லை. கைக்கு இதெல்லாம் மறப்பதே இல்லை, வாய்க்குத்தான் மறக்கிறது. காலையில் முறத்தை எடு என்று சொல்ல வேண்டியிருந்தபோது முறம் என்ற சொல் வரவில்லை, "அந்தப் புடைக்கிறது, அந்தப் புடைக்கிறது" என்று காற்றில் புடைத்துக் காட்டினாள், பிருந்தா சிரித்தாள், பிறகு சிரித்ததற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுப்புப் பக்கம் போகத்தான் அனுமதி இல்லை. பால் தீய்ந்து பாத்திரம் கருகிய நாளிலிருந்து சென்னியப்பன் கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றிப் பரண்மேல் வைத்துவிடுகிறார். கல்யாணமான நாள் முதல் அவருக்குச் சமைத்துப் போட்டவளிடம் இப்போது சூடில்லாத வேலை, கூரில்லாத வேலை மட்டும் வருகிறது. கீரை உருவலாம், பூண்டு உரிக்கலாம், துணி மடிக்கலாம். கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. டாக்டரம்மா உட்காருகிறார். டாக்டர் நஸ்ரின், மறதி நோய் வந்தவர்களை ஈரோட்டில் வீடு தேடி வந்து பார்க்கிறவர். வந்தால் நேரே சாந்தாமணியிடம் வந்து, "என் பேரு ஞாபகமிருக்காம்மா?" என்று கேட்காமல், "நான் நஸ்ரின், உங்களைப் பாக்க வந்தேன்" என்று தானே பேரைச் சொல்லிவிடுகிற பெண். சோதித்துப் பார்க்காத பெண். இன்றைக்கு அவரைச் சமையலறைப் பக்கம் வரவிடாமல் கூடத்திலேயே மறித்து உட்கார வைத்துவிட்டார்கள். "அம்மா ஏற்கெனவே சொன்னதை எல்லாருமா உட்கார்ந்து ஒரு தடவை பேசிக்கலாம்னுதான் வந்தேன்," என்கிறது டாக்டரம்மாவின் குரல். "மறுபடியும் நெஞ்சுச் சளி வந்தா, சாப்பாடு இறங்காமப் போனா, எதைச் செய்யணும், எதைச் செய்யக் கூடாதுன்னு. அம்மா எங்கே?" "உள்ள வேலையா இருக்கறாங்க," என்கிறாள் பிருந்தா. சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். பொய் சொல்லப் போகிறபோது செருமுவார், அவருக்கே அது தெரியாது. "அதுல ஒண்ணு சொல்லோணுங்க டாக்டர். சாந்தா மாத்திச் சொல்லிட்டா. என்ன ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும், எந்த வைத்தியத்தையும் விடக் கூடாதுன்னு. அவளே சொல்லிட்டாளுங்க."

அவளே சொல்லிட்டாளுங்க. எவள்? காம்பைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. இந்த வீட்டில் சாந்தா என்று வேறு யாராவது இருக்கிறார்களா என்று ஒரு கணம் உண்மையாகவே யோசித்தாள், இப்போதெல்லாம் அப்படி யோசிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இல்லை, அவள்தான். அவள் சொன்னது வேறு. சொன்னது நன்றாக ஞாபகமிருக்கிறது, நேற்று மதியம் சாப்பிட்டது ஞாபகமில்லை, இது இருக்கிறது. அர்த்தனாரி அண்ணன். அவள் கூடப் பிறந்த அண்ணன், இதே நோய் அவருக்கு முதலில் வந்தது, இவளுக்கு வருவதற்கு ரொம்ப முன்னால். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்கிற ஆள், கடைசியில் சோற்றை வாயில் வாங்கி அதை என்ன செய்வதென்று தெரியாமல் அடக்கிக்கொண்டே இருந்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். அவர் பிடுங்கினார். மறுபடி விட்டார்கள், மறுபடி பிடுங்கினார். அப்புறம் இரண்டு கையையும் கட்டிலின் கம்பியோடு சேர்த்துக் கட்டுத் துணியால் கட்டினார்கள், காயம்படாமல் மெத்தென்று, பஞ்சு வைத்து, அந்தப் பஞ்சைத்தான் சாந்தாமணியால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை, கொடுமையை அவ்வளவு பதமாகச் செய்ய முடிகிறதே என்று. அண்ணன் பேசவில்லை. கட்டிப் போட்ட மாடு பார்ப்பது போல் பார்த்தார். மாசக் கணக்கில் அப்படியே கிடந்தார். ஒருநாள் பார்த்துவிட்டுத் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரை ஓரம் கட்டச் சொல்லி, பின்சீட்டிலிருந்து இறங்கி, சென்னியப்பன் முன்னால் போய் நின்று சொன்னாள்: "எனக்கு இப்படி ஒண்ணு வந்தா என்னைக் கட்டிப் போட விட்டுடாதீங்க. சாகறதுக்கு எனக்குப் பயமில்லீங்க. கட்டி வெக்கறதுக்குத்தான்." அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார், தலையெல்லாம் வியர்வை, "சத்தியமா விடமாட்டேன்" என்றார். லாரிகள் போகப் போகப் பாலம் அதிர்ந்தது காலடியில் இன்னும் இருக்கிறது. பிறகு இவளுக்கே வந்தது. வந்த புதிதில், எல்லாம் தெளிவாக இருந்தபோதே, இதே டாக்டர் நஸ்ரின் இதே கூடத்தில் உட்கார்ந்து கேட்டார், இவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள், குழாய் வேண்டாம், மெஷின் வேண்டாம், வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும். உங்களால் சொல்ல முடியாமல் போகும்போது உங்களுக்காக யார் சொல்வார்கள் என்று கேட்டார் டாக்டர். இதென்ன கேள்வி என்பது போல இவள் பக்கத்தில் இருந்தவரைக் காட்டினாள். கட்டினவர் இருக்கும்போது வேறு யாரைக் காட்டுவாள். அவர் இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாட்சி வைத்து, நோட்டரி வைத்து, எல்லாம் முறையாக நடந்தது. அந்த மனுஷன்தான் இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிறார்.

எப்போது சொன்னேன்? கீரையை விட்டுவிட்டு அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். எப்போது, எங்கே, யார் யார் இருக்கும்போது. இந்தக் கேள்விகள் அவளுக்குப் பழக்கம். கோர்ட்டில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள் அவள். கூண்டில் நின்று சாட்சி சொல்வதை நீதிபதி திருப்பிச் சொல்ல, அவள் விரல்கள் அதைக் காகிதத்துக்குக் கொண்டுவரும். கொலைகாரனும் வரப்புத் தகராறுக்காரனும் மாமியாரும் மருமகளும் சொன்னதெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போயிற்று. எனக்கு ஞாபகம் இல்லை. அதை எத்தனை முறை அடித்திருப்பாள். வக்கீல்கள் அதைக் கேட்டதும் சிரிப்பார்கள், ஞாபகமில்லை என்கிறவன் பொய் சொல்கிறான் என்பது அந்தக் கட்டிடத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நான் மாற்றிச் சொன்னேன் என்று சொன்னால் அது சரியல்ல. அப்படித்தான் அடிப்பாள், மறுப்பதற்கு அதுதான் வாசகம். சரியல்ல, சரியல்ல. ஆனால் சரியல்ல என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியுமா? அங்கேதான் சிக்குகிறது. போன வாரமோ அதற்கு முன்போ, குளித்துவிட்டேன் என்று சண்டை போட்டாள், தலைமுடி காய்ந்து கிடந்தது. மோரில் உப்புப் போடவில்லை என்றாள், இரண்டு தடவை போட்டிருந்தாள். கொல்லைக் கதவைத் திறக்கச் சொன்னது யார் என்று கத்தினாள். "நீதானே சொன்னே," என்றார் சென்னியப்பன். நீதானே சொன்னே. அதைக் கேட்டுக் கேட்டு அவள் தலையாட்டப் பழகிவிட்டாள். சரி, சொல்லியிருப்பேன். திறக்கச் சொல்லியிருப்பேன். ஒரு கதவுக்கும் ஒரு பிடி உப்புக்கும் தலையாட்டியதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று இருந்தாள். இப்போது புரிகிறது, ஒவ்வொரு தலையாட்டலும் அவர் கணக்கில் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. இனிமேல் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அவள் வாயில் வைக்கலாம். நீதானே சொன்னே. அதற்கு எதிராக அவளிடம் ஒரு சாட்சியும் இல்லை, அவளே கூட இல்லை. மறதி வந்தபோது கூட இப்படிப் பயந்ததில்லை. மறதி அவளுடைய உடம்பில் இருப்பது. இது இன்னொருவர் கையில் இருப்பது.

கூடத்தில் டாக்டரம்மா கேட்கிறார், "எப்போ சொன்னாங்கய்யா?" நல்ல பெண். அதுதான் கேள்வி. "தை மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தாளே, அப்ப," என்றார் சென்னியப்பன். தை மாசம். சாந்தாமணி கண்ணை மூடிக்கொண்டாள், ஆஸ்பத்திரி வர வேண்டும் என்று காத்திருந்தாள். முதலில் வாசனை வந்தது, பினாயிலும் ஆரஞ்சுத் தோலும். பக்கத்துக் கட்டில்காரி ஓயாமல் ஆரஞ்சு உரித்தாள். பிறகு மின்விசிறி, ஒரு இறக்கை மட்டும் வேறு நிறம். நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். மூச்சு உள்ளே போக மறுக்கிறது. அவருடைய சட்டை, நீலக் கோடு போட்டது, மஞ்சள் மண்டியில் வேலை பார்த்த காலம் முழுக்க எந்தச் சட்டை போட்டாலும் மஞ்சள் வாசனைதான், ரிட்டையரான பிறகும் அவள் மூக்குக்கு அது போகவில்லை, அந்தச் சட்டையின் நுனியை இவள் பிடித்திருக்கிறாள். அவர் எழுந்திருக்கிறார். காலால் செருப்பைத் தேடுகிறார். எங்கேயோ போகிறார். "விட்டுடாதீங்க." ஆமாம். அது அவள் குரல்தான். "என்னை விட்டுடாதீங்க." அவர் அப்படியே உட்கார்ந்து அழுதார். அப்போ சொன்னது உண்மைதான். ஆனால் எதைச் சொன்னேன்? டீ வாங்கப் போகிற மனுஷனைப் பார்த்துச் சொன்னதா, போகாதீங்க, இந்த ஆரஞ்சுக்காரியோடு தனியாக விடாதீங்க என்று? அல்லது உயிரை விட்டுவிடாதீங்க, பிடித்து வையுங்கள் என்றா? பாலத்தில் நின்று கட்டிப் போட விட்டுடாதீங்க என்று சொன்னவளும் அதே வார்த்தையைத்தானே சொன்னாள். ஒரு வார்த்தையை எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம், முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால். அவர் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்ததும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஆனாலும், ஆனாலும், இதை இங்கேயே விட்டுவிடவும் முடியவில்லை அவளுக்கு. மூச்சு முட்டியபோது அவள் பயந்தது நிஜம். அந்த நேரத்தில் டாக்டர் குழாயோடு வந்திருந்தால் வாயைத் திறந்து காட்டியிருப்பாளோ என்னவோ. பாலத்தில் நின்றவளா, கட்டிலில் கிடந்தவளா, எவள் சாந்தாமணி? முதலில் ஒன்று சொல்லிவிட்டுக் கூண்டில் ஏறி வேறொன்று சொல்கிறவனைப் பிறழ்சாட்சி என்று அறிவிப்பார்கள். அப்புறம் அவனைக் கூட்டிவந்த வக்கீலே அவனைக் குறுக்கு விசாரணை செய்வார், நீ பொய் சொல்கிறாய் என்பார். தன் பக்கத்து ஆள் எழுந்து நின்று நெஞ்சுக்கு நேரே விரல் நீட்டிப் பேசும்போது அந்தச் சாட்சியின் முகம் போகிற போக்கை அவள் பார்த்திருக்கிறாள். தட்டச்சு எந்திரத்தைத் தாண்டித் தலையை நிமிர்த்திப் பார்ப்பது அந்த ஒரு சமயத்தில்தான். எந்தச் சாட்சிக்கும் கடைசியில் படித்துக் காட்டுவார்கள், சரி என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் கையெழுத்து. எனக்கு யாரும் படித்துக் காட்டவில்லையே. பயத்தில் சொன்னது போகட்டும், பயம் தெளிந்த பிறகு ஒரு நாள், ஒரு காலை வேளை, இப்படிச் சொன்னாயே சாந்தா, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கலாமே. கேட்கவில்லை. கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும்.

"அம்மாவையே கேட்டுறலாமே," என்றார் டாக்டரம்மா. "வேண்டாங்க டாக்டர்," பிருந்தா சட்டென்று சொன்னாள், "குழம்பிருவாங்க. அப்பறம் நாள் முழுக்க அழுவாங்க. அப்பா சொல்றதுதான் அவங்க சொல்றது." அவளும். பெற்ற மகளும் இதில் கூட்டு. சாந்தாமணிக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியமாக இருந்தது. கோபத்துக்குப் பதிலாக, கூப்பிடாமலே, நாத்தனார் லோகநாயகியின் முகம் வந்து நின்றது. சென்னியப்பனின் தங்கை, பவானியில் இருக்கிறாள். மாமியார், அவர்கள் இருவரின் அம்மா, கடைசியாகக் கிடந்தபோது, என்னை எங்கேயும் தூக்கிட்டுப் போகாதீங்க என்று அந்தம்மா வாய்விட்டுச் சொல்லியிருந்தும், சென்னியப்பன் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார், எல்லாரும் அழுதுகொண்டே தூக்கத் தயாரானார்கள். லோகநாயகி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் நேரே வாசல்படியில் குறுக்கே நின்றாள். அம்மா சொன்னது சொன்னதுதான், யாராச்சும் தொட்டீங்கன்னா பாருங்க. ஆம்புலன்ஸ் திரும்பிப் போயிற்று. அழுகிறவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, ஈரத்துணியால் அம்மாவின் உதட்டைத் தொட்டுத் தொட்டுவிட்டுக்கொண்டு மறுநாள் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எழவு வீட்டில் உறம்பரைச் சொந்தம் எல்லார் காதிலும் விழ, கல்நெஞ்சுக்காரி என்று சொன்னவள் சாந்தாமணிதான். அன்றிலிருந்து லோகநாயகி இந்த வீட்டில் கை நனைத்ததில்லை. விசேஷத்துக்கு வருவாள், வாசலில் மொய்யை நீட்டுவாள், போவாள். அன்றைக்கே சென்னியப்பனைப் பார்த்தேனே, பெற்ற தாய் கேட்டதைச் செய்ய முடியாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாரே. பார்த்தும் ஏன் அவரைக் காட்டினேன்? பாசம் இருக்கிறவர்கள் செய்வார்கள் என்று எப்படி நம்பினேன்? முறத்தை இறக்கி வைத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்பது நழுவுவதற்குள் போய்விட வேண்டும். குழாய், கை, கட்டு. குழாய், கை, கட்டு. வாய்க்குள் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தாள்.

மூன்று பேரும் திரும்பினார்கள். பிருந்தா எழுந்து, "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்றாள்.

"நான் பேசோணும்."

டாக்டர் நஸ்ரின் தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார். "உக்காருங்கம்மா. நான் நஸ்ரின். நாங்க எதைப் பத்திப் பேசிட்டிருந்தோம்னு தெரியுமா?"

"என்னைப் பத்தி. என்னை உள்ள வெச்சுட்டு."

சாந்தாமணி சென்னியப்பனைப் பார்க்காமல் டாக்டரையே பார்த்துப் பேசினாள். அவரைப் பார்த்தால் வார்த்தை போய்விடும். "எனக்கு மறதி நோய். போகப் போக முழுங்கறதும் மறந்துரும். அப்ப மூக்கில குழாய் போட்டுக் கையைக் கட்டுவாங்க. அது வேண்டாம். அப்பறம் அந்த... ஊதறது, மூச்சை..." கையை நெஞ்சின் மேல் ஏற்றி இறக்கினாள். பிருந்தா அப்பாவைப் பார்த்தாள், பாத்தீங்களா என்பது போல. டாக்டர் காத்திருந்தார். சொல் வரவில்லை. "அது எதுன்னு உங்களுக்குத் தெரியும். அதுவும் வேண்டாம்."

"சாப்பாடு இறங்கலைன்னா, குழாயும் வேண்டாம்னா, என்ன ஆகும்னு தெரியுமாம்மா?"

"செத்துப் போவேன்." அதைச் சொல்வது சுலபமாக இருந்தது. "வலி இல்லாமப் பாத்துக்கங்க. உதட்டுல தண்ணி தொட்டு வெய்ங்க. இந்த வீட்டுலயே."

"அம்மா, ஆஸ்பத்திரியில நீதானே சொன்னே," பிருந்தா குரல் உடைந்தது, "விட்டுடாதீங்க விட்டுடாதீங்கன்னு. நானும்தான் இருந்தேன்."

"சொன்னேன், கண்ணு. எதுக்குச் சொன்னேன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

"எனக்குத் தெரியும் சாந்தா," என்றார் சென்னியப்பன்.

"எனக்கே தெரியலீங்க. அப்பறம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்துவிட்டுத் துண்டை எடுக்கவில்லை, அதற்குள்ளிருந்தே பேசினார். "என்னால முடியாது. உனக்கு மூச்சு முட்டறப்ப, போதும் விட்டுருங்கன்னு நான் என் வாயால எப்படிச் சொல்லுவேன்? நீ கேக்கறப்ப சரின்னு சொல்லிட்டேன். தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணவும் பண்ணினேன். அன்னிக்கு முடியும்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியில பாத்த பொறவு முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு."

"அதை அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க," என்றாள். கத்தவில்லை. "எனக்குப் புத்தி நல்லா இருக்கறப்பவே சொல்லியிருந்தா நான் வேற ஆளைப் பாத்திருப்பேன். முடியலைன்னா முடியலைன்னு சொல்லோணும். நான் சொன்னதா ஏன் சொன்னீங்க?"

துண்டுக்குப் பின்னால் அவர் தோள்கள் குலுங்குவதைப் பார்த்து அவள் கை தானாக நீண்டது, கல்யாணமான நாளிலிருந்து பழகின கை, அதற்கு இந்தத் துரோகம் தெரியாது. அவள் அதை மடக்கிப் புடவைக்குள் வைத்துக்கொண்டாள். இப்போது தொட்டால் கரைந்துவிடுவேன், கரைந்தால் எதற்கு வந்தேன் என்பது போய்விடும்.

"இவங்க பேரை எடுத்துருங்க டாக்டர்."

"அப்போ பிருந்தா பேரைப் போடட்டுமா?"

"வேண்டாம். லோகா. இவங்க தங்கச்சி, லோகநாயகி."

"அத்தையா?" என்றாள் பிருந்தா. சென்னியப்பன் துண்டை எடுத்தார், கண் சிவந்திருந்தது. "உனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாதே."

"அதனாலதான்."

அந்தம்மாவிடமே முதலில் கேட்டுவிடலாம் என்றார் டாக்டர். பிருந்தா போனில் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்து, அம்மாவின் கையில் கொடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தம், அதற்கு மேல் லோகநாயகி. "சொல்லு பிருந்தா."

"நான் சாந்தா."

"நங்கையாளா?" அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவாள். ரொம்ப நாளைக்கப்புறம் கூப்பிடுகிறாள். "என்ன, அண்ணனுக்கு ஏதாச்சுமா?"

"உங்க அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான். லோகா, எனக்குப் பேச்சு நின்னு போற காலத்துல, என்னை எங்கேயும் தூக்கிட்டுப் போகாம, குழாய் போடாம, வாசல்ல குறுக்க நிக்க ஒரு ஆள் வேணும். உங்க அம்மாவுக்கு நின்னியே, அப்படி."

அந்தப் பக்கம் ஆட்டுக்குட்டி மட்டும் கத்தியது. "என்னைக் கல்நெஞ்சுக்காரின்னு ஊரு முன்னால சொன்னவங்க நீங்க."

"ஆமா."

"அது தப்புன்னு இப்பச் சொல்றீங்களா?"

சாந்தாமணி யோசித்தாள். "இல்ல. அந்த நெஞ்சுதான் எனக்கு வேணும்."

லோகநாயகி சிரித்தாளா மூக்கை உறிஞ்சினாளா என்று தெரியவில்லை. "எப்ப வரோணும்?" என்றாள்.

புதிதாக எழுத வேண்டும், சாட்சி வேண்டும், நோட்டரி வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். அதற்கு முன்னால் ஒன்று. "அடுத்த வியாழக்கிழமை நான் மறுபடி வந்து முதல்லருந்து கேப்பேம்மா. இன்னிக்குச் சொன்னதையே அன்னிக்கும் சொன்னீங்கன்னா எழுதிரலாம். இது உங்க முடிவுதானான்னு எனக்கு உறுதியாத் தெரியணும்." லோகநாயகி போனிலிருந்தே, வியாழக்கிழமை வருகிறேன், எனக்கென்று சோறு கீறு ஆக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். டாக்டரம்மா கிளம்பிப் போக, அவரை வழியனுப்பப் பிருந்தா தெருமுனை வரை போனாள்.

கூடத்தில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். சாந்தாமணிக்கு ஒரேயடியாக அசதியாக இருந்தது, பெரிய மூட்டை ஒன்றை மாடியேற்றி வைத்துவிட்டு உட்கார்ந்த மாதிரி. இவர் முகத்தை இப்படிப் பார்த்ததே இல்லை. இவர் என்னை ஏமாற்றினார், நான் இவரை டாக்டர் முன்னால், இவர் தங்கை முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன். எது பெரிது என்று எடைபோடத் தெம்பில்லை. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று பார்த்தாள். மனசு வரவில்லை.

"என்னை நம்பலையா சாந்தா?" என்றார் கடைசியில்.

"நம்பினேனுங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தரையைப் பார்த்தபடி கேட்டார், "வியாழக்கிழமை வரைக்கும் இது உனக்கு ஞாபகம் இருக்குமா?"

"தெரியலீங்க."

"நான் ஞாபகப்படுத்தட்டுமா?"

"வேண்டாம். நீங்களும் சொல்லக் கூடாது, பிருந்தாவும் சொல்லக் கூடாது. சாட்சிக்கு யாரும் சொல்லித் தரக் கூடாது. நானாச் சொன்னாத்தான் செல்லும்."

"மறந்துட்டீன்னா?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. "மறந்துட்டா பழையபடிதான். உங்க பேரே இருக்கும்."

சென்னியப்பன் நிமிர்ந்தார். அழுது வீங்கின அந்த முகத்தில் எதுவோ இளகியது, நெற்றிச் சுருக்கம் ஒன்று மெல்ல விட்டுக்கொடுத்தது. அவருக்கே தெரியாமல் வந்த நிம்மதி அது. மறதி வந்த நாள் முதல் இந்த மனுஷன் சென்னிமலைக்குப் படியேறிப் போய் வேண்டிக்கொண்டு வந்தவர், காலையில் எழுந்ததும் கிழமையைச் சொல்லிக் கொடுப்பவர், ஞாபகசக்திக்கென்று தினமும் வெறும் வயிற்றில் வல்லாரைப் பொடியைத் தேனில் குழைத்து அவர் கையாலேயே ஊட்டுபவர், ஒருநாள் தவறியதில்லை. "பசிக்குதா சாந்தா?" என்றார், எவ்வளவோ நாளைக்கப்புறம் அத்தனை அன்பாக, "கீரையைத் தாளிச்சுப் போடட்டுமா?" என்று எழுந்து உள்ளே போனார். பரண்மேலிருந்து ரெகுலேட்டரை எடுக்கிற சத்தம் கேட்டது. நாளைக் காலையில் வல்லாரைப் பொடி தருகிறாரா என்று பார்க்க வேண்டும், என்று சாந்தாமணி நினைத்துக்கொண்டாள். பார்க்க வேண்டும் என்பது அப்போது ஞாபகம் இருந்தால்.